தமிழில் சிறுவருக்கான அரபுக் கதைகள்

தமிழ்ச் சிறுவர்கள் 'அரபுக் கதைகள்' என்று படிப்பவை பெரும்பாலும் 'ஆயிரத்தொரு இரவுகள்' என்னும் தொகுப்பைச் சார்ந்தவை. அலிபாபா, அலாவுதீன், சிந்துபாத் கதைகள் இவற்றுள் புகழ் பெற்றவை. இவை பல நாட்டவர் வாய்வழியாகவும் ஏட்டின் வழியாகவும் மாறி மாறி வந்தவை.

இந்தியாவிலிருந்து அரபு நாட்டுக்கு

அரபு மொழிக்குச் சென்ற கதைகளில் நம் நாட்டுக் கதைகளும் உண்டு. 6ஆம் நூற்றாண்டில் பாரசீக மன்னர் அனுஷிர்வான் காலத்தில் பஞ்சதந்திரம் பகலவி மொழிக்குப் பெயர்ந்தது. 8ஆம் நூற்றாண்டில் இப்னு அல் முகஃபா அதை அரபியில் 'கலீலா வ திம்னா' என்று எழுதினார். கரடகன், தமனகன் என்னும் நரிகளின் பெயர்களே கலீலா, திம்னா என்றாயின. தமிழ் உரைநடையில் பஞ்சதந்திரக் கதையைத் தாண்டவராய முதலியார் 1826இல் வெளியிட்டார்.

மறைந்துபோன கதைசொல்லி

'ஆயிரத்தொரு இரவுகள்' தொகுப்பை அந்துவான் காலான் 1704 முதல் 1717 வரை பிரெஞ்சில் 12 தொகுதிகளாக வெளியிட்டார். அவரிடமிருந்த பழைய அரபு ஏட்டில் அலிபாபா கதையும் அலாவுதீன் கதையும் இல்லை. சிரியாவின் அலெப்போ நகரைச் சேர்ந்த ஹன்னா தியாப் என்ற இளைஞர் 1709இல் பாரிசில் அவற்றைக் காலானிடம் வாய்மொழியாகச் சொன்னார். காலான் தம் நூலில் அவர் பெயரைக் குறிப்பிடவில்லை.

மார்ஜியானாவின் கதை

அலிபாபா கதையில் அறிவால் வெல்பவள் அடிமைப்பெண் மார்ஜியானா. திருடன் அலிபாபா வீட்டுக் கதவில் அடையாளமிட்டதும், அக்கம்பக்கத்துக் கதவுகளிலும் அதே குறியை இடுகிறாள். சாடிகளில் ஒளிந்திருந்த திருடர்களைக் கொதிக்கும் எண்ணெய் ஊற்றிக் கொல்கிறாள். மாறுவேடத்தில் விருந்துக்கு வந்த தலைவனையும் அடையாளம் கண்டு வீழ்த்துகிறாள். இறுதியில் அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெறுகிறாள்.

1956இல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்', தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். அதில் எம்.ஜி.ஆர். அலிபாபாவாகவும் பானுமதி மார்ஜியானாவாகவும் நடித்தனர். திரையில் அவள் நடனமாடும் காதலியானாள், வீரம் நாயகனுடையதாயிற்று.

சிறுவருக்குச் சொல்லும்போது

ஆவடிப் பகுதியில் ஆசிரியராக இருந்தபோது ஆறாம் வகுப்பில் இக்கதையைச் சொன்னேன். "எல்லாம் செய்தது அந்த அக்காதானே சார், கதைக்கு ஏன் அலிபாபா பேரு?" என்று ஒரு மாணவி கேட்டாள். பதில் சொல்ல எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

சிறுவர் பதிப்புகளில் கொடுமையான காட்சிகளைக் குறைப்பது வழக்கம், அது தவறன்று. எண்ணெய்ச் சாடியை விட்டுவிட்டு, திருடர்களை அவள் பிடித்துக் கொடுத்ததாகக்கூடச் சொல்லலாம். ஆனால் அவளது மதிநுட்பத்தையும் அவள் பெற்ற விடுதலையையும் விட்டுவிடக் கூடாது. கதை முடிந்ததும், இதைக் காலானிடம் சொன்னவர் ஹன்னா தியாப் என்று ஒரு வரி சேர்த்தால், முந்நூறு ஆண்டுக் கடனில் சிறிது தீரும்.