யாருக்கு இடம்? முற்றிய மார்பகப் புற்றுநோய் மருந்துப் பரிசோதனைகளில் தகுதி விதிகள் மாறிய வரலாறு

2001 மார்ச்சில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் டென்னிஸ் ஸ்லாமனும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட கட்டுரையைப் பலரும் மருந்தின் வெற்றிக்காகவே படிக்கிறார்கள். ஹெர்-2 புரதம் மிகுந்து, பிற உறுப்புகளுக்கும் பரவிவிட்ட மார்பகப் புற்றுநோய் கொண்ட 469 பெண்கள் அதில் பங்கேற்றார்கள். கீமோதெரபியோடு டிராஸ்டுசுமாப் சேர்த்துக் கொடுத்தால் ஆயுள் நீள்கிறது என்பதை அது நிறுவியது. அதே கட்டுரையில் யாரையெல்லாம் சேர்க்கவில்லை என்று சொல்லும் சிறு பகுதி ஒன்றும் உண்டு. இரண்டு மார்பகங்களிலும் புற்று உள்ளவர்கள், சிகிச்சை பெறாத மூளைப் பரவல் உள்ளவர்கள், நுரையீரல் உறையிலோ வயிற்றிலோ நீர் கோத்திருப்பதைத் தவிர நோய்க்கு வேறு அடையாளம் இல்லாதவர்கள், வேறொரு புற்றுநோயும் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், கார்னோஃப்ஸ்கி மதிப்பெண் 60க்குக் கீழே இருப்பவர்கள் ஆகியோருக்கு இடமில்லை. இத்தகைய விலக்குகள் எப்படி உருவாயின, எவை தளர்ந்தன, அதனால் மருத்துவ அறிவு எப்படி மாறியது என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப் பொருள்.

கார்னோஃப்ஸ்கி மதிப்பெண் 1940களின் இறுதியில் நியூயார்க்கில் பிறந்தது. நைட்ரஜன் மஸ்டர்ட் மருந்தைச் சோதித்த டேவிட் கார்னோஃப்ஸ்கிக்கு, கட்டி சுருங்கியதா என்று அறிந்தால் மட்டும் போதவில்லை. நோயாளி எழுந்து நடமாடுகிறாரா, தன் வேலையைத் தானே செய்துகொள்கிறாரா என்பதையும் எண்ணால் குறிக்க விரும்பினார். 100 என்றால் எந்தக் குறையும் இல்லை. 60 என்றால் அவ்வப்போது பிறர் உதவி தேவை. சிகிச்சையின் பலனை அளக்க வந்த இந்த அளவுகோல், சில பத்தாண்டுகளில் சிகிச்சைப் பரிசோதனைக்குள் யாரை விடலாம் என்று தீர்மானிக்கும் விதியானது. பிற்காலத்தில் பரவலான ஈகாக் அளவுகோலும் அதே வேலையைச் செய்கிறது. அதில் எண் குறைந்தால் உடல்நிலை மேல்; 0 அல்லது 1 பெற்றவர்களுக்கு மட்டுமே இடம் என்பது இன்றும் பெரும்பாலான பரிசோதனைகளின் வழக்கம்.

விதிகள் முடிவுகளை எவ்வளவு தூரம் திரிக்கும் என்பதை 1990களின் ஓர் அத்தியாயம் காட்டியது. மிக அதிக அளவில் கீமோதெரபி கொடுத்து, எலும்பு மஜ்ஜை அல்லது குருத்தணுக்களைத் திருப்பிச் செலுத்தும் முறை அப்போது அமெரிக்காவில் பெரும் நம்பிக்கையை எழுப்பியிருந்தது. பழைய சிகிச்சை பெற்றவர்களைவிட இவர்கள் நீண்ட நாள் வாழ்ந்ததாகத் தோன்றியது. 1997இல் டெக்சாஸின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மைய ஆய்வாளர்கள் எளிமையான ஒரு கேள்வி கேட்டார்கள்: வழக்கமான சிகிச்சை மட்டுமே பெற்றவர்களில், புதிய முறைக்குத் தகுதி பெற்றிருக்கக்கூடியவர்கள் எவ்வளவு காலம் வாழ்ந்தார்கள்? முற்றிய நோயுள்ள 1581 பேரின் பதிவுகளைப் பிரித்துப் பார்த்தார்கள். தகுதி பெற்றிருக்கக்கூடியவர்களின் இடைநிலை ஆயுள் 30 மாதங்கள். மற்றவர்களுடையது 17 மாதங்கள். இரு பிரிவினரும் பெற்றது வழக்கமான சிகிச்சையே. வேறுபாட்டை உண்டாக்கியது தகுதி விதி என்ற சல்லடைதான். 2000இல் வெளியான சமவாய்ப்புப் பரிசோதனையும் அதிக அளவுக் கீமோதெரபியால் ஆயுள் நீளவில்லை என்றே காட்டியது. அந்த இடைவெளியில் எத்தனையோ பெண்கள் அந்தக் கொடிய சிகிச்சையைத் தாங்கிக்கொண்டார்கள் என்பதை மறக்க முடியாது.

வயது இன்னொரு தடை. அமெரிக்காவின் தென்மேற்குப் புற்றுநோய்க் கூட்டமைப்பு 1993 முதல் 1996 வரை நடத்திய பரிசோதனைகளில் சேர்ந்த 16,396 பேரைப் பற்றிய ஆய்வு 1999இல் வந்தது. நாட்டின் மார்பகப் புற்றுநோயாளிகளில் 49 விழுக்காட்டினர் 65 வயது நிரம்பியவர்கள். பரிசோதனைகளிலோ அவர்கள் 9 விழுக்காடு மட்டுமே. வெளிப்படையான வயது வரம்பு மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. சிறுநீரகச் செயல்பாடு, இதயச் செயல்பாடு, பழைய நோய்கள் என்று நடுநிலையாகத் தோன்றும் விதிகளும் முதியவர்களையே அதிகம் வெளியேற்றும். மருத்துவர்களின் தயக்கமும் சேர்ந்துகொள்ளும்.

டிராஸ்டுசுமாபின் கதைக்குத் திரும்புவோம். அந்தப் பரிசோதனையின் விதிகளே நடுவழியில் மாறின. ஆந்த்ராசைக்ளின் வகைக் கீமோதெரபியை அடிப்படையாக வைத்துத்தான் முதலில் திட்டமிட்டார்கள். முந்தைய சிகிச்சையிலேயே ஆந்த்ராசைக்ளின் பெற்றுவிட்டவர்களுக்கு அது பொருந்தாது என்பதால், பேக்லிடாக்சல் பெறும் இன்னொரு பிரிவைச் சேர்த்தார்கள். இறுதியில் முதல் பிரிவில் 281 பேர், இரண்டாவதில் 188 பேர். வெளியிலிருந்தும் அழுத்தம் இருந்தது. முற்றிய நோயால் அவதிப்பட்ட கலிஃபோர்னிய மகப்பேறு மருத்துவர் ஒருவர் இந்த மருந்தைக் கேட்டுப் போராடி, கிடைக்காமலேயே 1994இல் இறந்தார். அவருடைய தோழிகளும் ஆர்வலர்களும் ஜெனென்டெக் நிறுவன வளாகத்துக்குள் கார்களில் ஊர்வலமாகச் சென்று போராடினார்கள். அடுத்த ஆண்டு, பரிசோதனையில் சேர முடியாதவர்களில் சிலருக்குக் குலுக்கல் முறையில் மருந்து தர நிறுவனம் ஒப்புக்கொண்டது. உயிர் காக்கும் மருந்துக்குக் குலுக்கல் நடந்தது என்பதே அன்றைய நிலைமையைச் சொல்லும்.

எல்லா விலக்குகளும் அநீதியானவை அல்ல. அதே பரிசோதனையில் ஆந்த்ராசைக்ளினும் டிராஸ்டுசுமாபும் சேர்ந்து பெற்றவர்களில் 27 விழுக்காட்டினருக்கு இதயச் செயல்பாடு குறைந்தது. ஆந்த்ராசைக்ளின் மட்டும் பெற்றவர்களில் அது 8 விழுக்காடு. அதன்பின் வந்த ஹெர்-2 பரிசோதனைகளில், ஒரு துடிப்பில் இதயம் தன்னுள் நிரம்பிய இரத்தத்தில் குறைந்தது 50 விழுக்காட்டை வெளித்தள்ள வேண்டும் என்ற விதி நிலைபெற்றது. பட்டறிவிலிருந்து எழுந்த விதி அது. பழைய திட்டத்தாளிலிருந்து அப்படியே படியெடுத்த விதிகளை அதற்கு இணையாக வைக்கக் கூடாது. வெள்ளணுக்களில் ஒருவகையான நியூட்ரோஃபில் 1500க்குக் குறையக் கூடாது என்ற விதி அப்படிப்பட்டது. ஆப்பிரிக்க வம்சாவளியினர் பலருக்கு மரபுக் காரணத்தால் இயல்பாகவே அந்த எண்ணிக்கை குறைவு, அது நோயல்ல.

இந்தியாவிலும் ஒரு முக்கியமான பரிசோதனை நடந்தது. கண்டறியும்போதே பரவிவிட்டிருந்த மார்பகப் புற்றுநோயில், மார்பகக் கட்டியை அறுத்தெடுத்தால் ஆயுள் நீளுமா என்பதை மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் ராஜேந்திர பட்வேயின் குழு 2005 முதல் 2013 வரை ஆராய்ந்தது. 65 வயதுக்கு மேற்படாத, இன்னும் ஓராண்டாவது வாழக்கூடிய, முதல் கீமோதெரபிக்கு நோய் பணிந்த 350 பெண்களைச் சேர்த்தார்கள். அறுவை செய்தவர்களின் இடைநிலை ஆயுள் 19.2 மாதங்கள், செய்யாதவர்களுக்கு 20.5 மாதங்கள், ஆயுள் நீளவில்லை. ஆனால் பங்கேற்ற ஹெர்-2 நோயாளிகளில் பெரும்பாலோருக்கு டிராஸ்டுசுமாப் போன்ற மருந்து கிடைக்கவில்லை. இன்று அந்த மருந்து பெறும் பெண்ணுக்கு இந்த முடிவு எந்த அளவு பொருந்தும் என்ற கேள்வியை அதனால் ஒதுக்கிவிட முடியாது.

2010களிலிருந்து வேறு சில தடைகளும் தளர்ந்தன. ஹார்மோன் ஏற்பு உள்ள முற்றிய நோய்க்கான பல பரிசோதனைகள் மாதவிடாய் நின்ற பெண்களையே மையமாகக் கொண்டிருந்தன. மோனலீசா-7 பரிசோதனை மாதவிடாய் நிற்காத, அல்லது நிற்கும் தறுவாயில் உள்ள 672 பெண்களை மட்டும் சேர்த்து, ரைபோசிக்ளிப் என்ற மருந்து அவர்களின் ஆயுளை நீட்டுவதாக 2019இல் காட்டியது. இளவயதிலேயே இந்நோய் தாக்கும் பெண்கள் அதிகமுள்ள இந்தியா போன்ற நாடுகளுக்கு இது பெரிய செய்தி. மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனைகளில் ஆண்களையும் சேர்க்க வேண்டும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2020இல் வழிகாட்டியது.

மூளைப் பரவலைத்தான் விரிவாகப் பார்க்க வேண்டும். முற்றிய ஹெர்-2 நோயுள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு என்றாவது ஒருநாள் நோய் மூளைக்குப் போகிறது. ஆயினும் 808 பேர் பங்கேற்று, முதல்நிலைச் சிகிச்சையையே மாற்றிய கிளியோபாட்ரா பரிசோதனையில் அவர்களுக்கு இடமில்லை. மருந்து மூளைக்குள் புகாது, அவர்கள் நீண்ட நாள் வாழமாட்டார்கள், வலிப்பும் ஸ்டீராய்டும் முடிவுகளைக் குழப்பும் என்று காரணம் சொல்லப்பட்டது. சோதிக்காததால் சான்று இல்லை, சான்று இல்லாததால் சோதிப்பதில்லை என்ற சுழலில் பெண்கள் சிக்கினார்கள். 2013இல் பிரான்சின் லேண்ட்ஸ்கேப் ஆய்வு அதை உடைத்தது. மூளைக்குக் கதிர்வீச்சு பெறாத 45 பேருக்கு லபாட்டினிப், கேபசிடபின் என்ற மருந்துகளைக் கொடுத்தபோது, மதிப்பிட முடிந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் மூளைக் கட்டிகள் சுருங்கின.

2017இல் அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கமும் 'ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் கேன்சர் ரிசர்ச்' அமைப்பும் மூளைப் பரவல், எச்.ஐ.வி., சிறுநீரக, கல்லீரல் குறைபாடு, முன்பு வந்த வேறு புற்றுநோய் ஆகியவற்றைக் காரணம் காட்டித் தானாகவே விலக்குவதை நிறுத்தச் சொன்னன. அப்போதே நடந்துகொண்டிருந்த ஹெர்-2-க்ளைம்ப் பரிசோதனை அதைச் செயலில் காட்டியது. சேரும் எல்லோருக்கும் தொடக்கத்திலேயே மூளை எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். பல பரிசோதனைகளில் அறிகுறி இல்லாதவர்களுக்கு அது எடுக்கப்படாததால், இருக்கும் பரவலே தெரியாமல் போனதுண்டு. இங்கே வளர்ந்துகொண்டிருந்த மூளைக் கட்டிகளும், உடனடிச் சிகிச்சை தேவைப்படாத புதிய கட்டிகளும் ஏற்கப்பட்டன. சிகிச்சை பெறாத கட்டி 2 சென்டிமீட்டரைத் தாண்டினால் மட்டும் கண்காணிப்பு மருத்துவரின் ஒப்புதல் வேண்டும். சேர்ந்த 612 பேரில் 291 பேருக்கு மூளைப் பரவல் இருந்தது. அவர்களில், டிராஸ்டுசுமாப், கேபசிடபின் ஆகியவற்றோடு புதிய மருந்தான டுகாட்டினிப்பும் பெற்றோரில் நோய் முற்றாமல் ஓராண்டைக் கடந்தவர்களின் விகிதம் 24.9 விழுக்காடு என மதிப்பிடப்பட்டது. ஒப்பீட்டுக் குழுவில் அது 0. 2020 ஏப்ரலில் மருந்துக்கு ஒப்புதல் கிடைத்தபோது, மூளைப் பரவல் உள்ளவர்களும் அதன் பரிந்துரையில் வெளிப்படையாகக் குறிப்பிடப்பட்டார்கள். பரிசோதனையில் இடம் கிடைத்ததால் வந்த நேரடி விளைவு அது.

ஆனால் ஹெர்-2-க்ளைம்பிலும் ஒரு விலக்கு மிஞ்சியது. மூளையையும் தண்டுவடத்தையும் போர்த்தியிருக்கும் மென்படலத்தில் புற்று பரவியவர்களை அது சேர்க்கவில்லை. அவர்களுக்காகவே டி.பி.சி.ஆர்.சி.-049 என்ற சிறு பரிசோதனை அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. மருந்துகள் அதே மூன்று. அதில் சேர்ந்தவர்கள் 17 பேர். இடைநிலை ஆயுள் 10 மாதங்கள்.