பழைய டிராக்டர் வாங்கப் போறீங்களா? பெயிண்டைப் பார்த்து விலை பேசாதீங்க!

நாட்றாம்பாளையம்:
கிருஷ்ணகிரி மாவட்டம் அஞ்செட்டியை அடுத்த நாட்றாம்பாளையம் பகுதி மானாவாரி பூமி. ராகி, கொள்ளு, சாமை, நிலக்கடலை என்று மழையை நம்பித்தான் பிழைப்பு. மழை பெய்த நாலு நாளுக்குள் உழவு ஓட்டியாக வேண்டும். வாடகை டிராக்டருக்குக் காத்திருந்தால் ஈரம் போய்விடும். அதனால்தான் இரண்டு, மூன்று ஏக்கர் வைத்திருப்பவர்கூட சீட்டுப் பணம், நகை அடகு என்று புரட்டி, ஒரு பழைய வண்டியாவது வாங்கிவிடத் துடிக்கிறார். இந்த அவசரத்தைத் தெரிந்துகொண்டுதான் சில தரகர்கள் தலையில் மிளகாய் அரைக்கிறார்கள்.

20, 30 வருஷ வண்டிக்கு நியாயமான விலை எது? கம்பெனி பெயரையும் வருஷத்தையும் மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

எங்கே உழைத்த வண்டி?

"ஒரே ஓனர் வண்டிண்ணா, மழைக்கு மட்டும்தான் ஓட்டினது" என்பார்கள். நம்பிவிட வேண்டாம். கொல்லையில் மட்டும் ஓடிய வண்டிக்கும், செங்கல், கல் லோடு இழுத்த வண்டிக்கும் நிறைய வித்தியாசம். டிரெய்லர் இழுத்த வண்டியில் கிளட்ச், கியர், பிரேக் அடி வாங்கியிருக்கும். டிரெய்லர் மாட்டும் கொக்கியும் அதன் ஓட்டையும் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும்.

நெல் வயல் சேற்றில் ஓடிய வண்டி என்றால் பின் சக்கர ஆக்சில் ஓரம் எண்ணெய் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். சீல் போய் சேற்றுத் தண்ணீர் உள்ளே இறங்கியிருந்தால் பேரிங், பிரேக் எல்லாம் செலவுதான்.

இன்னொன்று கம்ப்ரசர் வண்டி. கிணறு வெட்டும் வேலைக்கு கம்ப்ரசர் மாட்டிய வண்டிகள் ஒரே இடத்தில் நின்றபடி மணிக்கணக்கில் ஓடியிருக்கும். டயர் புதுசு போல இருக்கும், என்ஜின் தேய்ந்து போயிருக்கும். டயரைப் பார்த்து ஏமாறுவது இதில்தான் அதிகம். ஹவர் மீட்டர் 3 ஆயிரம் காட்டினாலும், அது மாற்றப்பட்டதா, கேபிள் அறுந்து கிடந்ததா என்று யார் கண்டது? பெடல் தேய்மானமும் ஸ்டீயரிங் ஆட்டமும் பொய் சொல்லாது.

சொல்லாமல் போய் நில்லுங்க

வண்டி பார்க்க விடியற்காலையில், முன்கூட்டிச் சொல்லாமல் போவது நல்லது. பழைய என்ஜின் சூடாக இருந்தால் எளிதில் ஸ்டார்ட் ஆகும். எனவே முதலில் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், உங்களுக்காக ஏற்கனவே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஸ்டார்ட் செய்ததும் கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து நின்றுவிட்டால் பயமில்லை. நீலப் புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது. கரும்புகை என்றால் பெரும்பாலும் பம்ப், நாசில் அல்லது ஏர் பில்டர் கோளாறு, இது சின்னச் செலவாகவும் முடியலாம். பிரீதர் குழாயில் புகை குப்குப் என்று அடித்தால் ரிங், லைனர் போச்சு. என்ஜின் ஆறியிருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். தண்ணீரில் எண்ணெய் மிதந்தால் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடலாம்.

கலப்பையை ஹைட்ராலிக்கில் தூக்கி நிறுத்தி என்ஜினை ஆப் செய்யுங்கள். மெல்ல இறங்கினால் வயசுக்கு சகஜம். சட்டென்று விழுந்தால் வேலை இருக்கிறது. மலைப்பாதையில் ஏறி இறங்க வேண்டிய ஊர் என்பதால் பிரேக்கை ஓட்டிப் பார்க்காமல் விலை பேசவே கூடாது.

கணக்கு எப்படி?

சுற்று வட்டாரத்தில் அதே மாடல், அதே வருஷ வண்டி கைமாறிய விலையை மூன்று பேரிடமாவது விசாரியுங்கள். சொல்லும் விலை அல்ல, கொடுத்து முடித்த விலை. உதாரணத்துக்கு அது 2 லட்சம் என்று வைப்போம். பின் டயர் ஜோடி மாற்ற 40 ஆயிரம், கிளட்ச் வேலை 15 ஆயிரம், ஆர்.சி. புதுப்பிப்பு, இன்சூரன்ஸ் 10 ஆயிரம் ஆகும் என்று மெக்கானிக் சொன்னால், 1 லட்சத்து 35 ஆயிரத்துக்கு மேல் போகக் கூடாது. மெக்கானிக் நீங்கள் அழைத்துப் போனவராக இருக்க வேண்டும், விற்பவரின் ஆளாக அல்ல!

அடிமட்ட விலை காயலான் கடை விலை. 35 குதிரைத்திறன் வண்டி சுமார் 1,700 கிலோ இருக்கும். கிலோ 30 ரூபாய் என்றாலும் 51 ஆயிரம். எவ்வளவு மோசமான வண்டிக்கும் இந்த மதிப்பு உண்டு என்பதை விற்பவரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

பார்ட்ஸ் கிடைப்பதும் விலையில் சேர்த்தி. மகேந்திரா, மேசி பழைய மாடல்களுக்கு சாமான் தேடுவது சிரமமில்லை. எச்.எம்.டி. இரும்பு மாதிரி வண்டிதான். ஆனால் அதன் டிராக்டர் பிரிவை மூட மத்திய அரசு 2016-ல் முடிவெடுத்துவிட்டது. சாமான் கிடைக்கும் கடையைக் கண்டுபிடித்துவிட்டுப் பேசினால் நல்லது.

இன்னொரு பேரப் புள்ளி உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்தில் இருந்து 5 ஆகக் குறைந்தது. வரி இல்லாமல் 5 லட்சம் என்றால் புது வண்டியிலேயே 35 ஆயிரம் குறைவு. பழைய வண்டிக்கு மட்டும் பழைய விலையா என்று கேட்கலாம். டயர், பார்ட்ஸ் வரியும் 18-ல் இருந்து 5 ஆனதால் ரிப்பேர் செலவைப் புது விலையில் கணக்கிடுங்கள்.

கர்நாடகா வண்டியா? உஷார்!

எல்லை ஊர் என்பதால் கே.ஏ. நம்பர் வண்டிகளும் விலைக்கு வரும். விலை குறைவாகத் தெரியும். ஆனால் அந்த ஊர் ஆர்.டி.ஓ. ஆபீசில் படிவம் 28-ல் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். பைனான்ஸ் பாக்கி இருந்தால் படிவம் 35-ம், கடன் கொடுத்தவரின் சான்றும் இல்லாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பாக்கிக்காக வண்டியைத் தூக்கிப் போனால் போவது உங்கள் பணம். எம்.பரிவாகன் செயலியில் நம்பரைத் தட்டினால் பெரும்பாலான விவரம் வந்துவிடும். சேசிஸ் நம்பர், என்ஜின் நம்பரை ஆர்.சி.யுடன் நேரில் ஒத்துப் பார்க்கணும்.

"10 வருஷம் ஆனா வண்டியை நொறுக்கிடுவாங்க, வந்த விலைக்குத் தள்ளிடுங்க" என்று விற்பவரை மிரட்டுவதும் நடக்கிறது. அப்படி ஒரு கட்டாயம் இல்லை என்று மத்திய அரசே 2023-ல் விளக்கம் கொடுத்துவிட்டது. விவசாய டிராக்டருக்கு முதல் பதிவு 15 வருஷம், பிறகு 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம்.

விற்பவர்கள் படிவம் 29, 30-ல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு விட்டுவிடக் கூடாது. ஒரே மாநிலத்துக்குள் என்றால் 14 நாளில் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். வண்டியை விற்றும் ஆர்.சி.யில் பெயர் மாறவில்லை என்றால், விபத்து இழப்பீட்டுக்குப் பழைய ஓனரே பொறுப்பு என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொல்லியிருக்கிறது. டிரெய்லரும் சேர்த்துக் கைமாறினால் அதற்குத் தனி ஆர்.சி. இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.