இரண்டு கால்வாய்களுக்கு நடுவில ஒரு ஊர்

வெள்ளவத்தை எங்க தொடங்கி எங்க முடியுது? காலி வீதியில பஸ்ஸில போனால் தெரியும். பம்பலப்பிட்டி முடியிற இடத்தில ஒரு கால்வாய், தெஹிவளை தொடங்கிற இடத்தில இன்னொன்று. இரண்டும் நகரத்து மழையைக் கடலுக்குக் கொண்டுபோகிறவை. வடக்கே கொட்டாஞ்சேனையைத் தாண்டினால் முகத்துவாரம். களனி கங்கை கடலில் கலக்கும் இடம் அந்தப் பக்கம்தான். பெயரிலேயே ஆறு இருக்குது.

கொழும்பு தண்ணீரை நம்பி வளர்ந்த நகரம். கோட்டே இராசதானிக்குச் சதுப்பு நிலமே அரண். போர்த்துக்கேயர் தங்கள் கோட்டையைக் காக்கத் தேக்கிய நீர்தான் இன்றைய பேர வாவி. ஒல்லாந்தர் கால்வாய் வெட்டிப் படகில் சாமான் ஏற்றினார்கள். அப்போது மழை விழுந்தால் தங்கி நிற்க இடம் இருந்தது. பிறகு நாங்கள் சதுப்பை நிரப்பி வீடு கட்டினோம்.

1992 ஜூன் 4 அன்று கொழும்பில் ஏறத்தாழ 493 மில்லிமீற்றர் மழை கொட்டியது. இங்கே வருசம் முழுக்கப் பெய்வதே சுமார் 2,400 மில்லிமீற்றர்தான். ஐந்தில் ஒரு பங்கு ஒரே நாளில்! 2010 நவம்பரில் பாராளுமன்றத்துக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. 2016 மே மாதம் களனி கங்கை பெருகி, கொலன்னாவைச் சனம் படகில் வெளியேறியது.

எல்லாவற்றையும் காலநிலை மாற்றத்தின் தலையில் கட்ட முடியாது. 1992இல் பெய்ததை அப்படிச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் கணக்கு ஒன்று தெளிவு: காற்றின் வெப்பம் 1 பாகை கூடினால், அது சுமக்கக்கூடிய நீராவி ஏறக்குறைய 7 சதவீதம் கூடும். சூடாகும் இந்து சமுத்திரம் அந்த நீராவியைத் தாராளமாகக் கொடுக்குது. அதனால் பெய்யும்போது ஒரேயடியாகக் கொட்டும். பெய்யாத நாட்களில் அதே சூடு மண்ணின் ஈரத்தை வேகமாக உறிஞ்சும்.

அந்த மற்றப் பக்கத்தைக் குழாயில் பார்க்கலாம். கொழும்பின் குடிநீரில் பெரும்பகுதி அம்பத்தலையில் களனி கங்கையிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. வரட்சியில் ஆறு வற்றினால் கடலின் உப்புநீர் மேலே ஏறி வரும். அதைத் தடுக்க ஆற்றுக்குக் குறுக்கே மண்மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். வெள்ளத்தில் பயமுறுத்திய அதே ஆறு, வரட்சியில் தாகத்தைக் காட்டுது.

2018இல் கொழும்புக்கு ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது. பெருமைதான். ஆனால் மிச்சமிருக்கிற சதுப்பும் போனால் அந்தப் பெயர் தண்ணீரைத் தாங்காது. அடுத்த மழைக்கு வெள்ளவத்தைப் பாலத்தில நின்று ஒருக்கா கீழே பாருங்க. தண்ணி எவ்வளவு அவசரமாப் போகுதெண்டு தெரியும். வழியில தங்க அதுக்கு இடமில்லை.