தும்பா விண்வெளி அருங்காட்சியகம்

திருவனந்தபுரம் நகருக்கு வடமேற்கே, அரபிக் கடலோரத் தும்பாவில், விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தைச் சேர்ந்த காட்சிக்கூடம். புனித மகதலேனா மரியாள் தேவாலயமாக இருந்த கட்டடம், இந்தியாவின் முதல் ராக்கெட் ஏவுதளத்தின் அலுவலகமாகி, பிறகு அருங்காட்சியகமானது.

தும்பா தேர்வானதற்குக் காரணம் அவ்வழியே செல்லும் பூமியின் காந்த நடுக்கோடு. அதையொட்டி, தரையிலிருந்து ஏறத்தாழ 100 கி.மீ. உயரத்தில், பகல் வேளையில் வலுவான மின்னோட்டம் ஒன்று பாய்கிறது. பலூன் அந்த உயரத்தை எட்டாது. செயற்கைக்கோளால் அத்தனை தாழ்வில் நிலைத்துச் சுற்ற முடியாது. ராக்கெட்டை அனுப்பித்தான் அதை அளக்க வேண்டும்.

விக்ரம் சாராபாய் இடம் கேட்டு அணுகியபோது, ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரேரா தம் மக்களிடமே அதைக் கேட்டார். மீனவ மக்கள் இசைந்தார்கள். வழிபட்ட கோவிலோடு குடியிருந்த வீடுகளையும் விட்டு, அருகில் வேறிடத்துக்குப் பெயர்ந்தார்கள். இந்திய விண்வெளி வரலாற்றின் முதல் கொடை இதுதான். ஜெபக்கூடம் அப்துல் கலாமின் முதல் ஆய்வகமானது. ஆயரின் அறையில் வரைபடங்கள் தயாராயின.

1963 நவம்பர் 21 அந்தி வேளையில் முதல் ராக்கெட் கிளம்பியது. அமெரிக்கா தந்த அந்த நைக்-அப்பாச்சியின் கீழ்க்கட்டம், ராடார் வழிகாட்டலில் இயங்கிய நைக் போர் ஏவுகணையிலிருந்து வந்தது. விமானங்களை வீழ்த்தச் செய்த எந்திரம் இங்கே சோடியம் ஆவியைச் சுமந்து சென்றது. தரையில் இருள் கவிந்தாலும் உயரே வெயில் படுவதால் ஆவி ஒளிரும். அது கலையும் விதத்தைப் படமெடுத்து மேல்வளிமண்டலக் காற்றின் போக்கைக் கணித்தார்கள். 1967 நவம்பரில் இந்தியாவிலேயே உருவான ரோகிணி-75 பறந்தது. 1968 பிப்ரவரி 2 அன்று இந்திரா காந்தி ஏவுதளத்தை ஐக்கிய நாடுகள் சபைக்கு அர்ப்பணித்தார்.

தும்பா ஏவுதளம் இன்றும் இயங்குகிறது.

அருங்காட்சியகத்தின் உள்ளே ஆய்வு ராக்கெட்டுகள், ஏவுகலங்கள், செயற்கைக்கோள்கள் ஆகியவற்றின் மாதிரிகள் உள்ளன. பார்க்கச் செல்பவர்கள் அந்த மாதிரிகளோடு திரும்பிவிட வேண்டாம். இடம் கொடுத்த மக்கள் வாழும் பள்ளித்துறைக்கும் போய் வாருங்கள்.