உழவரிடமிருந்து உழவருக்கு இயக்கம்

நடு அமெரிக்கா, மெக்சிகோ, கியூபா ஆகிய பகுதிகளில் சிறு உழவர்களே ஆசிரியர்களாகி வேளாண் சூழலியலைப் பரப்பிய இயக்கம் இது. ஸ்பானிய மொழியில் 'காம்பெசீனோ அ காம்பெசீனோ' என வழங்கும்.

1970-களில் குவாத்தமாலாவின் சிமால்தெனாங்கோ மலைப்பகுதியில் இது முளைவிட்டது. கக்சிக்கேல் மாயா உழவர்கள் சரிவுகளில் மக்காச்சோளம் பயிரிட்டு வந்தனர். ஒவ்வொரு மழையும் மேல்மண்ணை அடித்துச் சென்றது. 'வேர்ல்டு நெய்பர்ஸ்' தொண்டு நிறுவனத்தின் துணையோடு சிலர் சரிவின் குறுக்கே சமமட்ட வாய்க்கால் வெட்டி, கரையில் புல் நட்டு, எருவிட்டனர். மட்டம் பார்க்க விலைகொடுத்து எதுவும் வாங்கவில்லை. இரு கழிகளின் தலையைச் சேர்த்துக் கட்டி, இடையே குறுக்குக் கட்டை பொருத்தி, உச்சியிலிருந்து கயிற்றில் ஒரு கல்லைத் தொங்கவிட்டனர். கயிறு கட்டையின் நடுவில் நின்றால் கழிகளின் இரு கால்களும் ஒரே மட்டத்தில் உள்ளன என்று பொருள். விளைச்சல் கூடியதைக் கண்டு அக்கம்பக்கத்தார் கற்க வந்தனர்.

இயக்கத்தின் உயிர் அதன் கற்பிக்கும் முறையில் இருக்கிறது. புதியதை முதலில் நிலத்தின் ஒரு மூலையில் மட்டும் செய்து பார்க்க வேண்டும். ஒரே நேரத்தில் பலவற்றைத் தொடக்கூடாது. பலன் கண்ட பிறகே பிறருக்குச் சொல்ல வேண்டும். சொல்பவர் தம் வயலைக் காட்டியே சொல்ல வேண்டும் என்பதால் வெறும் பேச்சுக்கு அங்கே இடமில்லை. கதையும் நாடகமும் வேடிக்கையும் பாடத்தோடு கலந்திருந்தன. வட ஹோண்டுராசில் பூனைக்காலியை மக்காச்சோளத்தோடு சுழற்சியில் வளர்த்து மூடாக்காக விடும் பழக்கமும் பெரும்பாலும் இப்படி உழவர் வாய்வழியாகவே பரவியது.

குவாத்தமாலாவின் உள்நாட்டுப் போர் இந்த உழவர்களையும் விட்டுவைக்கவில்லை. கூட்டுறவு அமைத்ததே குற்றமாகப் பார்க்கப்பட்டது; பலர் கொல்லப்பட்டனர், பலர் ஊரைவிட்டு ஓடினர். ஆனால் அவர்கள் கற்பித்தது அதற்குள் மெக்சிகோவின் தலாக்ஸ்கலா மாநிலத்து விசென்தே கெரேரோ சிற்றூரில் வேரூன்றியிருந்தது. அங்கிருந்து சென்ற உழவர்கள் 1980-களின் பிற்பாதியில் நிகராகுவா உழவர்களுக்குப் பயிற்சி தந்தனர். அந்நாட்டு உழவர் சங்கமான யூனாக் அதைத் தன் திட்டமாக ஏற்றது.

1998 அக்டோபர் இறுதியில் நடு அமெரிக்காவை மிட்ச் சூறாவளி தாக்கியது. அதன்பின் ஆய்வாளர் எரிக் ஹோல்ட்-கிமேனெஸ் ஒருங்கிணைத்த ஆய்வில் ஹோண்டுராஸ், நிகராகுவா, குவாத்தமாலா உழவர்கள் தங்கள் நிலத்தையும் பக்கத்தில் வழக்கமான முறையில் பயிரிட்ட நிலத்தையும் அருகருகே அளந்தனர். வேளாண் சூழலியல் நிலங்களில் மேல்மண்ணும் ஈரமும் கூடுதலாகவும் மண்ணரிப்பு குறைவாகவும் இருந்தன. மேலே காடழிந்த செங்குத்துச் சரிவுகளில் நிலச்சரிவை மட்டும் இந்த முறையாலும் தடுக்க முடியவில்லை. அதையும் அவர்கள் மறைக்காமல் பதிந்தது பாராட்டத்தக்கது.

மிகப் பெரிய வளர்ச்சி கியூபாவில் நிகழ்ந்தது. சோவியத் ஒன்றியம் 1991-இல் கலைந்ததும் உரம், பூச்சிமருந்து, டீசல் ஆகியவற்றின் வரத்து பெருமளவு நின்றுபோனது. சிறு உழவர் சங்கமான அனாப் 1997-இல் இம்முறையைக் கையிலெடுத்தது. கற்பிக்கும் உழவர்களோடு, அவர்களிடையே தொடர்பு ஏற்படுத்தும் ஒருங்கிணைப்பாளர்களையும் ஊர்தோறும் நியமித்தது. சிதறிக் கிடந்த முயற்சிகளை அந்த அமைப்பு வலிமைதான் ஒரே இயக்கமாக்கியது. சுமார் 10 ஆண்டுகளில் ஏறத்தாழ 1,00,000 குடும்பங்கள், அதாவது நாட்டின் உழவர் குடும்பங்களில் மூன்றில் ஒரு பங்கு, இதில் இணைந்தன.