ஷர்ட்டும் ஸ்கர்ட்டும்

ஷர்ட் என்பது இடுப்புக்கு மேலே உடுப்பது, ஸ்கர்ட் என்பது இடுப்புக்குக் கீழே உடுப்பது என்று இங்கிலீஷ் படிக்கத் தொடங்கிய சிறு பிள்ளையும் சொல்லிவிடும். ஆயினும் அவ்விரண்டும் ஒரு வயிற்றில் பிறந்த சகோதரச் சொற்கள் என்பதையும், குட்டையாக வெட்டித் தைத்த அங்கி என்பதே ஆதியில் இரண்டுக்கும் உரிய அர்த்தம் என்பதையும் அறிந்த நாள்முதல், அவற்றை வெறும் துணிகளின் பெயராக என்னால் எண்ண முடிந்ததில்லை.

வெட்டுதல் என்னும் பொருளுடைய பழைய தாதுவிலிருந்து கிளைத்த குடும்பம் அது. குட்டை என்று பொருள்படும் ஷார்ட்டும் அதைச் சேர்ந்ததே. ஜெர்மானியப் பாஷைகளின் பூர்வ வடிவத்தில் 'ஸ்க்' என்றிருந்த ஒலி, இங்கிலாந்தில் குடியேறிய ஆங்கிலோ-சாக்ஸன் ஜனங்களின் நாவில் நாளடைவில் 'ஷ்' என்று இளகிற்று. வடகடலுக்கு அப்பாலிருந்த டேனியரின் நாவிலோ அது இளகாமல் நின்றது. ஆங்கிலேயர் ஃபிஷ் என்னும் மீனை டேனியர் இன்றும் ஃபிஸ்க் என்றே சொல்கிறார்கள்.

கொள்ளையிட வந்த வைக்கிங்குகள் 9-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலேயே தங்கி உழவும் செய்யத் தொடங்கினார்கள். 878-இல் எடிங்டன் போர்க்களத்தில் குத்ரம் என்னும் டேனியத் தலைவனை வெஸ்ஸெக்ஸ் மன்னன் ஆல்ஃபிரட் வென்றபோதிலும், வடக்கிலும் கிழக்கிலும் விரிந்த பெருநிலம் டேனியர் வசமே இருந்தது. அங்கே அடுத்தடுத்த வீட்டார், கொடியில் உலர்ந்த ஒரே விதமான அங்கியைச் சிறிதே வேறுபட்ட இரு பெயர்களால் அழைத்துக்கொண்டு, ஒருவர் பேச்சு மற்றவருக்குப் பெரும்பாலும் விளங்கவே வாழ்ந்திருப்பார்கள்.

ஒரே பொருளுக்கு இரு சொற்கள் நெடுநாள் நிலைப்பது அரிது. இங்கிலாந்தின் முதல் அச்சகத்தாரான காக்ஸ்டன், 1490-இல் வெளியிட்ட ஒரு நூலின் முகவுரையில் இதற்குச் சாட்சி வைத்திருக்கிறார். காற்றில்லாமையால் கப்பல் நின்றுவிட, கரையிறங்கிய வியாபாரி ஒருவர் ஒரு வீட்டில் எக் வேண்டுமென்று முட்டை கேட்டார். அவ்வீட்டு அம்மாளோ தனக்குப் பிரெஞ்சு பாஷை தெரியாது என்றாள். தமக்கும் அது தெரியாதே என்று வியாபாரி சினந்தார். உடனிருந்தவர் ஐரன் என்று சொன்ன பின்பே அவளுக்கு விஷயம் விளங்கிற்று. டேனியர் வழிவந்த எக் நிலைத்தது. அந்த அம்மாள் அறிந்த ஐரன் மாண்டது.

ஷர்ட்டும் ஸ்கர்ட்டும் அவ்விதம் ஒன்றையொன்று கொல்லவில்லை. அக்காலத்து அங்கி முழங்கால்வரை நீண்டிருக்கும். இடுப்பில் கச்சையை இறுக்கிவிட்டால், மார்பை ஒட்டிய மேற்பாகம் தனியாகவும், கச்சைக்குக் கீழே மடிப்பு மடிப்பாக விரிந்து நடக்கும்போது காலில் மோதும் பாகம் தனியாகவும் தோன்றும். 1300-ஐ ஒட்டிய காலத்தில் அந்தக் கீழ்ப்பாகம் ஸ்கர்ட் என்று வழங்கப்பட்டது. ஒரே துணியைக் கச்சை பிரித்த இடத்திலேயே சொற்களும் பாகம் பிரித்துக்கொண்டன என்று எனக்குத் தோன்றுகிறது. ஆடையின் ஓரத்தைக் குறித்த அச்சொல்லே பின்னர் ஊரின் ஓரத்துக்கும் சென்று அவுட்ஸ்கர்ட்ஸ் ஆயிற்று. டிட்ச், டைக் என்னும் ஜோடியும் இத்தகையதே: மண்ணை வெட்டிய பள்ளம் ஒன்று, அந்த மண்ணைக் குவித்த கரை மற்றொன்று.

ஜெர்மனியில் இதே குடும்பத்துச் சொல்லான ஷூர்ட்ஸெ, சமையலறையில் முன்புறம் கட்டிக்கொள்ளும் துணியைக் குறிக்கிறது. வைக்கிங்குகளின் பாஷையை அதிகம் மாறாமல் காத்துவரும் ஐஸ்லாந்திலோ, கடையில் ஸ்கிர்தா வேண்டுமென்று கேட்பவருக்கு இன்றும் ஷர்ட்டைத்தான் எடுத்து விரிப்பார்கள்.