வாசலில் நின்றவர்கள்

1968 மார்ச் 15. அமெரிக்காவின் டென்னஸி மாநிலம், நாஷ்வில் நகரின் ரைமன் அரங்கம். 1925 முதல் வானொலியில் ஒலித்துவரும் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' நிகழ்ச்சியின் மேடையைக் கன்ட்ரி இசையின் கருவறையாகவே அவ்விசையன்பர்கள் கருதினர். அன்றிரவு அம்மேடையேறியவர்களோ கலிஃபோர்னியாவின் 'தி பேர்ட்ஸ்' என்னும் ராக் குழுவினர். அவர்களுடைய நீண்ட தலைமுடியைக் கண்ட கூட்டத்தில் ஏளனக் குரல்கள் எழுந்தன. மெர்ல் ஹாகர்டின் பாடலொன்று அறிவிக்கப்பட்டிருக்க, கிராம் பார்சன்ஸ் என்னும் இளைஞர் அதை விடுத்து, நண்பரோடு சேர்ந்து தாம் இயற்றிய 'ஹிக்கரி விண்ட்' பாடலைத் தம் பாட்டிக்குக் காணிக்கையாக்கிப் பாடினார். நிகழ்ச்சிப் பொறுப்பாளர்கள் சினந்தனர்.

பார்சன்ஸ் அந்த இசைக்கு அயலாரல்லர். தென்மாநிலமான ஜார்ஜியாவில் வளர்ந்தவர். அவ்வாண்டு ஆகஸ்டில் வெளிவந்த 'ஸ்வீட்ஹார்ட் ஆஃப் த ரோடியோ' இசைத்தட்டை ராக் ரசிகர்களும் பெரிதாக வரவேற்கவில்லை, கன்ட்ரி வானொலிகளும் ஏற்கவில்லை. 1973இல், 26ஆம் வயதில் அவர் மறைந்தார். அவருடன் இணைந்து பாடிய எமிலூ ஹாரிஸ் அந்தப் பாணியை முன்னெடுத்துச் சென்று, 2008இல் கன்ட்ரி இசைப் புகழ் மன்றத்தில் இடம்பெற்றார். கேலிக்குள்ளான அத்தட்டோ இன்று ஒரு புதிய மரபின் தொடக்கமாகப் போற்றப்படுகிறது.

வாயில் காத்தவர்கள் காத்தது இசையின் தூய்மையைத்தானா என்பதே நம் கேள்வி. 1930இல், கன்ட்ரி இசையின் தந்தை எனப்படும் ஜிம்மி ராட்ஜர்ஸின் பதிவொன்றில் டிரம்பெட் வாசித்தவர் ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங். பான்ஜோ ஆப்பிரிக்க வேர்களைக் கொண்ட கருவி. ஆப்ரியின் தொடக்ககால நட்சத்திரங்களுள் ஒருவர் டிஃபோர்ட் பெய்லி என்னும் கறுப்பின ஹார்மோனிகா கலைஞர். 1941இல் அவர் நீக்கப்பட்டார். கலந்தே பிறந்த இசைக்குப் பிற்காலத்தில் போடப்பட்ட வேலியே தூய்மை.

1962இல் ரே சார்ல்ஸ் கன்ட்ரி பாடல்களைத் தம் பாணியில் பாடி ஓர் இசைத்தட்டை வெளியிட்டார். அதிலிருந்த டான் கிப்சனின் 'ஐ கான்ட் ஸ்டாப் லவ்விங் யூ' பில்போர்டு பாப் தரவரிசையில் ஐந்து வாரம் முதலிடம் வகித்தது. நாடே பாடிய அப்பாடலுக்குப் பின்னும், புகழ் மன்றத்திற்கு அவர் தேர்வானதாக அறிவிப்பு வந்தது 2021இல்தான். அவரோ 2004இலேயே காலமாகியிருந்தார்.

வேலியின் விந்தையை 1974, 1975 ஆண்டுகளில் தெளிவாகக் காணலாம். 1974இல் ஆஸ்திரேலியாவில் வளர்ந்த பாப் பாடகி ஒலிவியா நியூட்டன்-ஜான், கன்ட்ரி இசைச் சங்கத்தின் சிறந்த பாடகி விருதைப் பெற்றார். கொதித்த கலைஞர்கள் ஜார்ஜ் ஜோன்ஸ், டாமி வைனெட் தம்பதியர் இல்லத்தில் கூடித் தனிச் சங்கமே கண்டனர். மறு ஆண்டு ஜான் டென்வர் பெயர் கொண்ட விருதுச் சீட்டை மேடையிலேயே கொளுத்தினார் சார்லி ரிச். அது எதிர்ப்பா, மயக்கத்தின் விளைவா என்பது இன்றும் விவாதப் பொருள். ஆனால் அந்தச் சார்லி ரிச்சே ராக் அண்ட் ரோல் பாடிப் புகழ்பெற்று, பின்னர் கன்ட்ரிக்கு வந்தவர்! முன்னர் நுழைந்தவரே பின்னர் வருவோருக்குக் கதவடைக்கும் காட்சி இது.

2024இல் அக்கதவு மீண்டும் பேசுபொருளானது. டெக்சஸில் பிறந்த பியோன்சே 'கவ்பாய் கார்ட்டர்' தொகுப்பை வெளியிட்டார். பில்போர்டு கன்ட்ரி பாடல் தரவரிசையில் முதலிடம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவரே. எனினும் அவ்வாண்டு கன்ட்ரி இசைச் சங்க விருதுப் பட்டியலில் அவர் பெயர் ஓரிடத்திலும் இல்லை. ராப், பாப் உலகிலிருந்து அதே ஆண்டில் கன்ட்ரிக்கு வந்த வெள்ளையர் போஸ்ட் மலோனுக்கோ பல பரிந்துரைகள் கிட்டின. 2025 பிப்ரவரியில் கிராமி அமைப்பு, சிறந்த கன்ட்ரி தொகுப்பு, ஆண்டின் சிறந்த தொகுப்பு ஆகிய இரு விருதுகளையும் பியோன்சேக்கு வழங்கியது.

திணைமயக்கத்திற்கு இடமளித்த இலக்கணத்தைப் பயின்ற நமக்கு இக்கலப்பு வியப்பளிப்பதில்லை. பொழுதுகள் மயங்கலாம், கருப்பொருள்கள் மயங்கலாம். பாடுபவரின் உரிப்பொருள் மெய்யாக இருந்தால் போதும். நாஷ்வில்லின் வரலாறும் இதையே சொல்கிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் பாடியவர் மறைந்த பின்னரோ, மனம் கசந்த பின்னரோதான் அதை ஒப்புக்கொள்கிறது.